வால்நுனியில் ஒரு விலாசம்

நாம் பணிபுரியும் பார்சல் ஆபீசுக்குச் சென்ற திங்கள் ஓர் ஊறுகாய் ஜாடி வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து தாயார் மகளுக்கு அனுப்பியது. பழைய பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். பெட்டியின் முன்புறத்துப் பழைய லேபிளைக் கிழிக்கவில்லை. ஆறு நாள் வேறொரு நிலையத்தில் கிடந்திருக்கிறது. உயிரணுக்களிலும் இவ்வாறு நேர்வதுண்டு என்று படித்தபோது, மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கும் விஷயம் விளங்கிற்று.

உயிரணுவினுள்ளே பெராக்சிசோம் என்னும் நுண்ணிய பைகள் உள்ளன. மிக நீண்ட கொழுப்பமிலங்களைச் சிதைப்பதும், அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நஞ்சை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் மாற்றுவதும் அவற்றின் அலுவல்களுட் சில. அதற்கு வேண்டிய புரதங்களோ பைக்கு வெளியே உருவாகின்றன. அவை வழி கண்டு வருவது எங்ஙனம்?

விடையளித்தது மின்மினி. அதற்கு ஒளி தரும் லூசிபெரேஸ் என்னும் நொதியை, கலிபோர்னியாவில் சுரேஷ் சுப்பிரமணியின் ஆய்வுக்கூடத்தார் குரங்கின் உயிரணுக்களில் உண்டாக்கினர். அது பெராக்சிசோமுக்குள் சென்று சேர்ந்ததை 1987இல் அறிவித்தனர். 550 அமினோ அமிலங்கள் கோத்த அச்சங்கிலியின் வால்நுனியில் உள்ள செரின், லைசின், லூசின் என்னும் மூன்றுமே விலாசம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வால் கடைசியில் உருவாவதாகையால், சரக்கு முழுமையான பின்னரே விலாசம் கிடைக்கிறது. நம் ஆபீசிலும் இவ்வொழுங்கு இருந்தால் எத்துணை நன்று!

விலாசத்தைப் படிப்பது பெக்ஸ்5 என்னும் புரதம். சரக்கைப் பற்றிச் சென்று பையின் சவ்வில் சேர்த்துவிட்டு, அடுத்த சரக்குக்குத் திரும்புகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதங்கள் பெரும்பாலும் மடிப்பவிழ்ந்தே நுழைய வேண்டும். இங்கோ மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே விடுவர்.

இவ்வேறுபாட்டில்தான் ஒரு கொடிய நோய் பிறக்கிறது. கல்லீரலில் ஏஜிடி என்றொரு நொதி பெராக்சிசோமில் இருத்தல் வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அதன் முன்புறத்தில் மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டும் குறி தோன்றிவிடுகிறது. மற்றொரு பிழையால் மடிப்பும் தாமதமாகிறது. வாலில் விலாசம் சரியாகவே இருந்தும், பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. அங்கே அது வேலை செய்யும் திறனோடுதான் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலை அங்கில்லை. ஆக்ஸலேட் பெருகிச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும். இங்கிலாந்தில் டான்பியூர் குழுவினர் 1989இல் இதை வெளியிட்டனர்.

இப்பிழையுடையோர் பலருக்கு விட்டமின் பி6 மருந்தால் ஆக்ஸலேட் குறைகிறது. சிறு வயதிலேயே சிறுநீரகக் கல் கண்ட பிள்ளை எந்த வீட்டிலேனும் இருந்தால், முதனிலை ஹைப்பராக்ஸலூரியா என்ற பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டா.