இடிபடும் உயரம்



சென்ற ஆடியில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு நாள் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் தங்கியிருந்தேன். அம்மா கண்ணயரும் நேரமெல்லாம் வராந்தா பெஞ்சில்தான் இருப்பு. எதிரே ஒரு சுவர் முனை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் காரை பெயர்ந்து செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. நான்காம் நாள் கொத்தனார் வந்து பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஏழாம் நாள் செங்கல் மறுபடி எட்டிப் பார்த்தது.

வார்டு ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். “கட்டிலத் திருப்பணும்னா அந்த முனையில முட்டித்தாண்ணே திருப்ப முடியும். அவங்க பூசிட்டே இருப்பாங்க, நாங்க இடிச்சிட்டே இருப்போம்” என்றார்.

வீட்டுச் சுவரைப் பற்றி இந்த இதழில் எத்தனையோ எழுதியிருக்கிறோம். நோயாளி படுத்திருக்கும் அறையின் சுவரைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. அந்தக் குறை மனத்தை உறுத்தியது. இந்த மாத இதழின் பெரும்பகுதி அதற்காகத்தான்.

பெயர்ந்த காரை பார்வைக்கு அசிங்கம் என்பதோடு விஷயம் முடியவில்லை. பூச்சு போன இடம் ஈரத்தைக் குடிக்கும். எந்த மருந்து நீரால் துடைத்தாலும் சுத்தமாகாது. சரி, சுரண்டிப் பூசிவிடலாம் என்றால் தூசி கிளம்புகிறது. கட்டட வேலைத் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பறக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாமல் போகலாம். ரத்தப் புற்றுக்காரருக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டவருக்கும் நுரையீரலில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். அதனால் அந்தப் பகுதியை மூடிக் கட்ட வேண்டும், கட்டில்களைக் காலி செய்ய வேண்டும். மருத்துவமனையில் ஒவ்வொரு மறுபூச்சுக்கும் நோயாளிகள்தான் விலை கொடுக்கிறார்கள். அடிக்கடி கைவைக்கத் தேவையில்லாத சுவரே அங்கே சுற்றுச்சூழலுக்கும் நல்ல சுவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கவலை புதிதல்ல. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-60 வாக்கில் வெளியிட்ட நோயாளிப் பராமரிப்பு நூலில் சுவர்களைத் தரம் பிரித்தே எழுதினார். காகிதம் ஒட்டிய சுவர் படுமோசம்; வெறும் காரை அதற்கு அடுத்தபடி, ஆனால் அடிக்கடி சுண்ணாம்பு அடித்தால் தப்பிக்கலாம்; கழுவ முடிகிற எண்ணெய்ப் பெயின்ட் மேல் என்பது அவர் கணக்கு. நம் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரிகளில் இடுப்பளவுக்குப் பச்சை எனாமலும் அதற்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பும் இருந்தது நினைவிருக்கிறதா? அதிலும் இதே கணக்குதான்.

சுண்ணாம்பு என்றதும் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சொல்லாமல் நகர மனமில்லை. நீற்றி, அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கிய பூச்சைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தடவிப் பார்க்கலாம். புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் காரத்தில் கிருமிகள் எளிதில் பிழைப்பதில்லை. இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும். ஆனால் இரும்புக் கட்டிலின் இடியை அது தாங்காது, அமிலம் பட்டால் அரித்துவிடும். ஆகவே ஐந்தடிக்கு மேலே சுண்ணாம்பு, கீழே வேறு கவசம் என்பதே என் கட்சி.

கீழே எதைப் போடுவது? இன்று சந்தையில் முதலில் காட்டப்படுவது பி.வி.சி. தகடு. விலை மலிவு, துடைக்க எளிது. ஆனால் அதன் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். அதைத் தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு வாயு, அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு தொழிற்சாலை ஊழியர்களுக்கு அரிய கல்லீரல் புற்றைத் தந்தது 1974-ல் தெரியவந்தது. தீப்பிடித்தால் அமிலப் புகை. குப்பையில் கண்டபடி எரித்தால் டையாக்சின். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் விலக்கச் சொல்கின்றன. சுவரில் ஒட்டியிருப்பதைப் பற்றி அவற்றில் பேச்சில்லை. நோயாளிகள் மூச்சுவிடும் அறைக்கு பி.வி.சி.யைவிட நல்லதைத் தேடுவது நம் பொறுப்பு.

குளோரின் இல்லாத பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. முனைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு. அதை உருக்கி மறுபடி வார்க்கலாம். கைப்பிடிக்கு நல்ல மரம். தரையை ஒட்டிக் கடப்பைக் கல். எதை வைத்தாலும் முனைக் கவசத்தைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பிடிக்கச் சொல்லுங்கள். பசையில் ஒட்டியதைப் பெயர்த்தால் காரையும் கூடவே வரும். திருகாணி என்றால் அடிபட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். பின்னாலுள்ள இடுக்கை மறக்காமல் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் குடியேறும்.

ஐந்தடிக்குக் கீழேயும் சுவர் முழுக்க எதையும் போர்த்த வேண்டாம். அந்த மருத்துவமனையின் கட்டில், ட்ராலி, சக்கர நாற்காலி ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் முட்டுகிறது என்று டேப் பிடித்துப் பாருங்கள். அந்த உயரங்களில் ஒரு சாண் அகலப் பட்டை ஓடினாலே பெரும்பாலான இடியைத் தாங்கிவிடும். பொருளும் மிச்சம், செலவும் மிச்சம்.

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அதே ஊழியர்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தார். அதன் நான்கு மூலைகளிலும் பழைய சைக்கிள் டயரை அறுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். “நீங்க கேட்டுட்டுப் போனப்புறம் தோணுச்சுண்ணே” என்றார். அந்தச் சுவர் முனையில் ஸ்ட்ரெச்சர் முட்டியது. அம்மா முகத்தில் வலிச் சுளிப்பு தெரியவில்லை. மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் வாசகர்கள் இப்படி என்னென்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்