92ஆம் நாள்

அந்த நோயாளி 80 கிலோ இருப்பார். மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாம் இரவு. தூக்கக் கலக்கத்தில் தானாக எழுந்து, கட்டில் ஓரத்திலிருந்து சரிந்தார். அந்த வார்டுக்கு இரவில் இரண்டு ஆயாக்கள் என்று கணக்கு. கூட இருந்தவளைப் பத்து மணிக்கே வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். ஓடிப்போய் இரண்டு கையாலும் தாங்கி அவரைக் கட்டிலில் சேர்த்தேன். அவருடைய புது மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடுப்பில் ‘சுருக்’கென்று ஏதோ அறுந்தது. அங்கிருந்து இடது கால் பெருவிரல் வரைக்கும் தீயாக இறங்கியது.

விழட்டும் என்று விட்டிருக்க முடியுமா? பதினொரு வருஷம் இந்த வேலை செய்தவள் நான். ஒரு ஆள் விழப்போனால் என் கை என்னைக் கேட்காமலே நீளும்.

இது நடந்தது 2023 ஆகஸ்டில், ஹைதராபாத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில். நான் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி லாலாகுடாவுக்கு வந்தவள். நோயாளிகள் என்னை ‘ஆயம்மா’ என்பார்கள். வேலை வாங்குவது மருத்துவமனை, சம்பளம் போடுவது ஏஜென்சி. மாதம் 14,000 ரூபாய். அதில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 105 ரூபாய் பிடிப்பார்கள். ஒரு மாதம்கூட அந்தப் பிடித்தம் தவறியதில்லை.

அன்றிரவே டியூட்டி நர்ஸிடம் சொன்னேன். “காலையில பார்த்துக்கலாம்மா” என்றார். அந்த நோயாளியின் ஃபைலில் மட்டும் உடனே எழுதினார்கள்: சரிந்தார், ஆனால் விழவில்லை, காயம் இல்லை. அவரைத் தாங்கியது யார், தாங்கியவள் என்ன ஆனாள் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. விபத்துப் பதிவேட்டிலும் இல்லை. மூன்று நாள் கழித்து நிமிர முடியாமல் ஏஜென்சி ஆபீஸ் படியேறினேன். சூப்பர்வைசர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “முதுகு வலி யாருக்குத்தாம்மா வரலை? சிக் லீவுன்னு போட்டுக்கோ.”

அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

வேலையில் பட்ட காயம் என்று எழுதியிருந்தால், 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டப்படி எனக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். வேலைக்குத் திரும்பத் தகுதி வரும்வரை வந்திருக்கும். வெறும் நோய் என்று எழுதினால் 70 சதவீதம். அதுவும் சாதாரணமாக வருஷத்துக்கு 91 நாள்தான். மாதத்துக்கு 12,600 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 9,800. உதவித்தொகை வாங்கும் நாட்களில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. அந்தக் காப்பும் எனக்கு 91 நாளோடு போயிற்று. 92ஆம் நாள் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. “வேற ஆளைப் போட்டாச்சும்மா.”

அந்த 91 நாளும் நான் சும்மா கிடக்கவில்லை. மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் மாறி, ஈ.எஸ்.ஐ. ஹாஸ்பிடல் ஸ்டேஷனில் இறங்குவேன். உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவேன். இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. “படுத்தே கிடக்காதேம்மா, படுத்தால் இன்னும் இறுகும். நட. கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குப் போ. ஆனா ஆளைத் தூக்காதே” என்று சொல்லி, லேசான வேலை கொடுக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு மருத்துவமனைக்குப் போனேன். “நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே, ஏஜென்சியில கேளுங்க” என்றார்கள். ஏஜென்சிக்குப் போனேன். “வேலை கொடுக்கிறது அவங்க, நாங்க என்ன செய்ய? ஃபுல் ஃபிட்னு எழுதி வாங்கிட்டு வா, பார்க்கலாம்.” காண்டிராக்டில் ஆள் வைத்தாலும் ஈ.எஸ்.ஐ. பணத்துக்கு முதல் பொறுப்பு வேலை நடக்கும் இடத்தின் முதலாளிக்குத்தான் என்று சட்டம் சொன்னது. 105 ரூபாய் பிடிக்கும்போது நான் அவர்களுடைய ஆள். இடுப்பு போனபோது யாருடைய ஆளும் இல்லை!

எனக்கு ஒத்துவரும் வேலை அங்கே இல்லையா? ஓ.பி.யில் டோக்கன் கொடுக்கலாம். சாம்பிள் கொண்டுபோய் லேபில் சேர்க்கலாம். சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டலாம். புதிதாக வரும் பெண்களுக்கு ஆளைத் திருப்பிப் போடும் முறையைச் சொல்லித் தரலாம். முதல் வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் நான்கு என்று ஏற்றியிருந்தால் மூன்று மாதத்தில் முழு ஷிஃப்டுக்கு வந்திருப்பேனே!

படுத்திருந்த நாட்களில் மகனின் போனில் படித்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, உடம்புக்குக் கேடு வரும் அளவுக்கு எந்தத் தொழிலாளியையும் சுமை தூக்க வைக்கக் கூடாது என்றது. அது தொழிற்சாலைக்கு. மனிதரைத் தூக்கிய எங்களுக்கு அது பொருந்தவில்லை. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 35 பவுண்டு, அதாவது 16 கிலோ என்ற எல்லையை 2007இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் வகுத்தார். கலிபோர்னியாவில் 2012 முதல், ஆளைத் தூக்கக் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைக்கவேண்டும் என்று மருத்துவமனைகளுக்குச் சட்டமே இருக்கிறது. நான் தாங்கியது அந்த 16 கிலோ எல்லையைப் போல ஐந்து மடங்கு. தனியாக. எங்கள் வார்டில் ஆளை நகர்த்த வழுக்குத் துணி ஒன்றுகூடக் கிடையாது. பெட்ஷீட்டின் நான்கு முனையும் எங்கள் முதுகெலும்பும்தான் கருவி.

கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 22 அன்று எங்களுக்காக நாடே கை தட்டியது. வேலை முடிந்து வந்த நான் தெருமுனையில் நின்று அழுதேன். அந்த ஜூலையில் செகந்திராபாத் காந்தி மருத்துவமனையில் அவுட்சோர்சிங் நர்ஸுகள் வேலை நிரந்தரமும் சம்பள உயர்வும் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். தட்டிய கைகளை அங்கே நான் காணவில்லை. கொரோனா பணியில் செத்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் என்று மத்திய அரசு காப்பீடு அறிவித்தது. வேண்டியதுதான். ஆனால் சாகாமல் உடைந்தவளுக்கு என்ன வழி? செத்தால்தான் நாங்கள் கண்ணுக்குத் தெரிவோமா?

நான் பிச்சை கேட்கவில்லை. காயம் பட்ட அன்றைக்கே அதைக் காயம் என்று எழுதுங்கள். இரண்டு பேர் வேலைக்கு இரண்டு பேரை நிறுத்துங்கள். திரும்பி வருகிறவளுக்கு, அவள் உடம்பு தாங்கும் வேலையைக் கொடுங்கள்.

மூட்டு மாற்றியவர்களை நடக்க வைத்தவள் நான். முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்போம். பிறகு வாக்கர் பிடித்து நான்கு அடி. பிறகு கதவு வரை. பிறகு வராந்தா. “பயப்படாதீங்க அம்மா, நான் பிடிச்சிருக்கேன்” என்று எத்தனை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன்! முழுசாகக் குணமாகி வா என்று என்னைத் திருப்பி அனுப்பினீர்களே, உங்கள் வார்டில் படுத்திருந்த ஒருவரிடமாவது, முழுசாக நடக்கத் தெரிந்த பிறகு கட்டிலை விட்டு இறங்கு என்று சொன்னதுண்டா?