மூன்று கால்களில் பத்து மாதங்கள்



சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாயிலருகே வந்து நின்றார். பூசைக் கருத்துக் கொடுக்க வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவரோ தயங்கித் தயங்கி, “சாமி, ஒன்று கேட்கவேண்டும். கேட்டால் சிரிப்பீர்களோ என்னவோ” என்றார்.

அவர் வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் உண்டு. எட்டு வயதான லாப்ரடார். இடது பின்காலை ஊன்றாமல் நொண்டத் தொடங்கி இரண்டு மாதமாயிற்று. அருகிலிருந்த மருத்துவர் சுளுக்கு என்று கருதி ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார். அதற்குள் முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம் கண்டது. பின்னர் வேப்பேரிக்குக் கொண்டுசென்று எக்ஸ்ரே எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில் எலும்புப் புற்று என்று தெரிந்தது.

“காலை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தபின் மனிதருக்குக் கொடுப்பதுபோல் கீமோவும் கொடுக்கலாமாம். வாயில்லாச் சீவனை இப்படி வதைக்கலாமா? மகன் வேண்டாம் என்கிறான். வீட்டில் அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

நான் ஒரு கையை அங்கியிலிருந்து உருவிக்கொண்டே, “நாய்தானே ஐயா! துன்பப்படாமல் போகவிடுங்கள்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் அந்த ‘நாய்தானே’ என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மொசைக் தரையில் ஜிம்மி படுத்திருந்தது. என்னைக் கண்டு இருமுறை வாலை அசைத்ததேயன்றி எழுந்திருக்கவில்லை. அந்த அம்மையார் பாயை நகர்த்தியபோது அதன் ஓரம் காலில் பட்டது. உடனே அது எழுப்பிய ஓலத்தைக் கேட்டபிறகுதான் காலையில் நான் சொன்ன விடையின் அறியாமை எனக்கே விளங்கிற்று. துன்பம் இனிமேல் வரப்போவதன்று. ஏற்கெனவே வந்து அந்தக் காலில் குடியேறிவிட்டது. புற்று எலும்பை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. அரிக்கப்பட்ட எலும்பு, படியில் இறங்கும்போதோ கட்டிலிலிருந்து குதிக்கும்போதோ எந்நேரமும் முறியலாம். ஆகவே கால் நீக்கம் அந்த உயிருக்குப் புதிதாக இழைக்கும் வதையன்று. இருக்கின்ற வதையை வேரோடு அகற்றுவதே அது.

இரண்டு நாள் கழித்து நானும் அவர்களோடு வேப்பேரிக்குச் சென்றேன். (சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பெற்றது என்பதையும், பல ஆண்டுகள் அவ்வழியே போய்வந்தும் ஒருமுறைகூட உள்ளே நுழைந்ததில்லை என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.) அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் எதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

உருவில் பெரிய நாய்களுக்கே இந்நோய் மிகுதியாக வருகிறது. முன்காலில் தோள்பட்டையருகிலும் மணிக்கட்டருகிலும், பின்காலில் முழங்காலைச் சுற்றியும் பெரும்பாலும் தோன்றும். கண்டுபிடிக்கப்படும் வேளையில் பத்தில் ஒன்பது நாய்களுக்கு, எக்ஸ்ரேயில் தெரியாத நுண்ணிய துகள்களாக அது நுரையீரலை அடைந்திருக்கும். எனவே காலை மட்டும் எடுத்தால் வலி நீங்கும், ஆயுள் நீளாது. அவ்வாறு செய்த நாய்களில் பாதி நான்கைந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. மருந்தும் சேர்ந்தால் அந்தப் பாதிக் கணக்கு பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரை நீள்கிறது. ஐந்தில் ஒன்று ஏறக்குறைய இரண்டு ஆண்டும் வாழ்கிறது.

“முழுவதும் குணமாகிவிடுமா?” என்று அம்மையார் கேட்டார்.

“அப்படிச் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும் அம்மா. நாய்க்கு நாங்கள் கொடுக்கும் அளவு, மனிதருக்குக் கொடுப்பதைவிட மிதமானது. நோயை எப்படியும் ஒழித்துவிட வேண்டும் என்று கடுமையாகக் கொடுப்பதில்லை. இருக்கும் நாள்கள் நல்ல நாள்களாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம்” என்றார் மருத்துவர்.

வீடு திரும்பியதும் மகன் சினந்தான். அவன் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. பெரியவருக்கு இரு கண்ணிலும் புரை. அதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைத்தான் நாய்க்குச் செலவிட எண்ணியிருந்தார்! இதை என்னிடமும் அவர் சொல்லவில்லை. நம் திருச்சபை 1992-ல் வெளியிட்ட மறைக்கல்வி நூல் இது பற்றி இரு பக்கமும் பேசுகிறது. விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். அவற்றை வீணே துன்புறுத்தலாகாது. அதே வேளையில், மனிதரின் துயர் துடைக்க முதலில் சேரவேண்டிய பணத்தை விலங்குகளுக்கு வாரியிறைப்பதும் தகாது. இரண்டையும் பெரியவரிடம் சொன்னேன். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் புரை அறுவையைச் செலவின்றியே செய்துகொள்ளலாம். வேப்பேரிக்கும் அதற்கும் அதிகத் தொலைவில்லை. “முதலில் உங்கள் கண்; பிறகு ஜிம்மியின் கால். இரண்டுக்கும் நானே உடன் வருகிறேன்” என்றேன். மகனுக்கும் அது ஒப்பாயிற்று. ஆனால் வரிசை மாறிற்று. கண் காத்திருக்கும், எலும்பு காத்திராது என்று மருத்துவர் சொன்னதால் ஜிம்மியே முந்திக்கொண்டது.

கால் எடுத்த முதல் இரண்டு வாரமே உண்மையில் சோதனைக்காலம். நம் பங்கு ஆட்டோக்காரத் தம்பிதான் ஒவ்வொரு முறையும் அழைத்துச் சென்றார். வேறு வண்டிகள் நாயைக் கண்டதும் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்த ஜிம்மியின் பாதி உடல் மழிக்கப்பட்டு, தையலைச் சுற்றிக் கன்றிப்போய், கீழ்ப்புறம் நீர் கோத்துத் தொங்கிற்று. அம்மையார் அதைக் கண்டு, “ஐயோ, தப்புச் செய்துவிட்டோமே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். இத்தகைய வீடுகளில் எல்லாருக்கும் இந்த எண்ணம் வருமாம். இரவில் திடீரென்று அது கத்தியது. இல்லாத காலிலும் வலி தோன்றுமாம். நரம்புக்கு அது தெரியாது. அதற்கென்று தனி மருந்து உண்டு. ஆனால் ஓரிரவு மகன், பாவம், தூக்கக் கலக்கத்தில் தான் உட்கொள்ளும் வலி மாத்திரையையே கொடுக்கப் போய்விட்டான். அம்மையார் கையைப் பிடித்துத் தடுத்தார். மனிதர் உண்ணும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை நம் விருப்பப்படி நாய்க்குக் கொடுத்தால் அதன் ஈரலும் சிறுநீரகமும் வயிறும் கெட்டுப்போகும். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையேனும் நினைவில் வையுங்கள்.

நடப்பதோ நாம் அஞ்சிய அளவு கடினமாயில்லை. மறுநாளே எழுந்து நின்றது. நாயின் உடற்பாரத்தில் ஐந்தில் மூன்று பங்கை முன்கால்களே தாங்குகின்றன. ஆகவே பின்கால் போன நாய் சற்று எளிதில் பழகிக்கொள்கிறது. வயிற்றின் அடியில் ஒரு பழைய துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, முற்றத்துக்குக் கொண்டுபோய் வருவார்கள். வில்லன் அந்த மொசைக் தரைதான்! மூன்று காலில் நிற்பவனுக்கு வழுக்குத்தரையைப்போல் பகைவன் இல்லை. அம்மையார் கயிற்றுப் பாய்களை வாங்கி, படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்கும், அங்கிருந்து வாயிலுக்கும் பாதைபோல் விரித்துவிட்டார். உணவையும் குறைத்தார்கள். எஞ்சிய மூன்று காலும் சுமப்பதற்கு உடல் மெலிந்திருப்பதே நல்லது. லாப்ரடாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அது நாள்தோறும் காலிப் பாத்திரத்தை முகப்பால் தள்ளிக்கொண்டு வந்து முறையிட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரித்து, முதல் கீமோ. கார்போபிளாட்டின் என்ற மருந்தை முன்கால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. முடியெல்லாம் கொட்டிவிடும் என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்தியிருந்தனர். பூடில் போல் முடி ஓயாது வளரும் இனங்களுக்கே அப்படி ஆகுமாம். ஜிம்மிக்கு மீசைமயிர் சில உதிர்ந்ததோடு சரி. மூன்றாம் நாள் வாந்தி எடுத்து ஒரு வேளை உண்ணாமலிருந்தது. மருத்துவர் முன்னதாகவே கொடுத்திருந்த மாத்திரையால் தணிந்தது. அடுத்த நாள், வெதுவெதுப்பாகப் பிசைந்த கோழிச்சோற்றை அம்மையார் கையால் ஊட்ட உண்டது. வெங்காயம், பூண்டு கூடாது. பச்சை இறைச்சியும் கூடாது.

உண்மையான அபாயம் அதற்குப் பிறகுதான் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மருந்து ஏற்றி பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் இரத்த வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடும். அவ்வேளையில் காய்ச்சலோ சோர்வோ கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. மகன் தன் கைப்பேசியில் அந்நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பார்த்தான். வேண்டாம் என்று வாதாடியவன் அவன்தான். இன்னொரு கடமையையும் அவனே ஏற்றான்: மருந்து ஏற்றிய முதல் மூன்று நாள்கள், சிறுநீர் வழியாகவும் மலத்தின் வழியாகவும் மருந்து வெளியேறும். கையுறையின்றி அதைத் தொடலாகாது. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அணுகவிடலாகாது. அவன் மனைவி அப்போது நிறைமாதம்.

மூன்றாம் தடவைக்குச் சென்றபோது இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. மருந்து ஏற்ற மறுத்துவிட்டார்கள். கீமோ தான் கெடுத்துவிட்டது என்று பெரியவர் இடிந்துபோனார். உண்மையில் அது உண்ணியின் வேலை! நம் ஊர் நாய்களிடம் மிகப் பரவலான உண்ணிக்காய்ச்சல் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அதற்கு மாத்திரை கொடுத்து, உண்ணி ஒழிக்கும் மருந்தும் போட்டபின், சில வாரம் தாமதமாக மூன்றாவதும் நான்காவதும் நிறைவுற்றன. நாய் வளர்ப்போர் உண்ணியை அற்பமாக எண்ணவேண்டாம்.

அந்த அம்மையார் செய்த ஒரு காரியத்தை நான் வியந்து பார்த்தேன். சமையலறையில் தொங்கிய நம் பங்கு நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் வட்டமோ பெருக்கல் குறியோ இடுவார். தானாக எழுந்திருக்கிறதா, தானாக உண்கிறதா, பால்காரர் மணியடித்தால் வாயிலுக்குப் போகிறதா? மூன்றில் இரண்டு இருந்தால் வட்டம். “மனசு ஒரு நாள் ஒன்று சொல்கிறது, மறுநாள் வேறு சொல்கிறது சாமி. எழுதி வைத்தால் ஏமாற்ற முடியாதே” என்றார். ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஏறத்தாழ எல்லாமே வட்டம். நாய்க்குத் தன் நோயின் பெயர் தெரியாது. எத்தனை மாதம் என்ற கணக்கும் தெரியாது. அந்தப் பாரத்தை வீட்டார்தாம் சுமந்தார்கள். ஜிம்மியோ மூன்று காலில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. பெரியவர், கண் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேரக்குழந்தையும் பிறந்திருந்தது.

திருவருகைக் காலத்தில் இருமல் தொடங்கிற்று. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெண்புள்ளிகள். வேறு மருந்து முயலலாம், ஆனால் பயன் சிறிதே என்றார் மருத்துவர். இம்முறை வீட்டில் வாதமே எழவில்லை. வேண்டாம் என்று நால்வரும் ஒருமித்துச் சொன்னார்கள். வலிக்கும் மூச்சுக்கும் மட்டும் மருந்து கொடுத்தார்கள். பொங்கலுக்குப் பிறகு நாள்காட்டியில் தொடர்ந்து நான்கு பெருக்கல் குறிகள் விழுந்தன.

அன்று பெரியவர் என்னைத் தேடி வந்தார். “கருணைக்கொலை பாவம் என்று நீங்களே பிரசங்கத்தில் சொன்னீர்கள். நான் எப்படிச் சம்மதிப்பேன்?” என்று கேட்டார். சொல் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. மனித உயிரைப் பற்றியது திருச்சபையின் அந்தப் போதனை. மீளமுடியாத வேதனையில் இருக்கும் விலங்கை மருத்துவர் கையால் உறங்கவைப்பதை அது தடுக்கவில்லை. இதை அவருக்கு விளக்கினேன். இம்முறை உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன்.

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நானும் போயிருந்தேன். முதலில் மயக்க ஊசி, பிறகு மற்றொன்று. அம்மையாரின் மடியில் தலைவைத்து, கயிற்றுப் பாயின்மேலேயே ஜிம்மி உறங்கிவிட்டது. தோபித்து நூலில் இளைஞன் தோபியா வழிநடந்தபோது உடன்சென்ற நாயை நினைத்துக்கொண்டேன். அதன் முடிவு என்னவாயிற்று என்று அந்நூல் சொல்லவில்லை.

சென்ற மாதம் நம் பங்கில் வேறொரு தெருவில் ஒரு ராட்வைலருக்கு முன்காலை எடுத்திருக்கிறார்கள். முன்கால் என்பதால் பழகுவது சற்றுக் கடினம். செய்தி கேட்டதும் அம்மையார் அந்தப் பாய்களை எல்லாம் துவைத்துக் காயவைத்து, சுருட்டிக் கட்டி, என் வண்டியில் ஏற்றிவிட்டார். கூடவே ஒரு புதிய நாள்காட்டியும் இருந்தது.