படத்தை விசாரித்தார்கள், மரணத்தை விசாரித்தார்களா?

2017இல் தோழர் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தது. கையால் மலம் அள்ளுவது ஒழிந்துவிட்டது என்ற அரசாங்கக் கதையை, அந்த வேலையைச் செய்கிறவர்களையே பேசவைத்து உடைத்த படம் அது. உடனே என்ன நடந்தது? திரையிடலுக்குப் போலீஸ் தடை போட்டது. படம் யூடியூபுக்குப் போனது. அந்த ஜூலையில், 2009ஆம் ஆண்டு மாணவர் போராட்ட வழக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து இயக்குநரைக் கைது செய்தார்கள். அடுத்து, ஒரு சாதியை இழிவுபடுத்திவிட்டார் என்று புகார், வழக்கு. போனில் ஆபாச வசவு, கொலை மிரட்டல்.

பெரிய விவாதம் கிளம்பியது, உண்மைதான். எதைப் பற்றிய விவாதம்? குழிக்குள் யார் இறங்குகிறார், யார் இறக்குகிறார் என்று படம் கேட்டது. ஊரோ, படம் எடுத்தவர் யார், அவர் எந்தக் கட்சி, யார் தூண்டினார்கள் என்று கேட்டது. சர்ச்சை என்பது பல நேரம் கேள்வியிலிருந்து தப்பி ஓடும் வழி.

சாதிப் பெயரைச் சொன்னது அவமானம் என்றார்கள். தன் சமூகத்தின் பெயரை மலத்தோடு சேர்த்துக் கேட்பது வலிக்கும். அந்த வலியை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால், பெயரை மறைத்தால் வேலை மறைந்துவிடுமா? அவமானம் சொல்லில் இல்லை. அந்த வேலையைப் பிறப்பைப் பார்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. கோபம் அங்கே போகட்டும்.

சட்டத்துக்கா பஞ்சம்? 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால் சிறைத் தண்டனை உண்டு. பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளவைப்பது வன்கொடுமை என்கிறது 2015 திருத்தம். சாக்கடை மரணங்களுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இத்தனை இருந்தும் விஷவாயு தாக்கிச் சாகிறவர்கள் நம் ஆட்களாகவே இருக்கிறார்கள். படம் எடுத்தவர் மீது பாய்ந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது ஒப்பந்ததாரர் மீதும் அதிகாரி மீதும் பாய்ந்ததுண்டா?

மாணவத் தோழர்களே, இந்தப் படத்தை விடுதியில் போடுங்கள், சேரியில் போடுங்கள், கல்லூரி மறுத்தால் தெருவில் போடுங்கள். முடிந்ததும் "படம் எப்படி?" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். நம் ஊரில் கடைசியாகக் குழிக்குள் செத்தவர் யார், முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டம் சேர்க்கப்பட்டதா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டதா, இழப்பீடு வீடு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நகராட்சி வாசலுக்குக் கூட்டமாகப் போங்கள்.

கண்ணீர் விட்டுக் கலைந்து போவதற்காக அந்தத் தொழிலாளர்கள் கேமரா முன் வாய் திறக்கவில்லை. அவர்கள் சொன்னது வாக்குமூலம். அதை வழக்காக நடத்த வேண்டியவர்கள் நாம்.