தோல் நோய்க்கு வட்டாரத்திலேயே மருத்துவம் வேண்டும்

கடலூர் மாவட்டத்தின் சிற்றூர்களில் வாழும் உழைப்பாளர் ஒருவர் தோல் நோய்க்கு நிபுணரைப் பார்க்க வேண்டுமானால், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, 2021-இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்புக்கு மாற்றப்பட்ட சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் வந்திறங்கி, புறநோயாளிகள் பிரிவில் காத்திருந்து ஊர் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், உயிருக்கு ஆபத்தில்லை என்று கருதப்படும் அரிப்பும் படையும் புண்ணும் மருத்துவர் கண்ணில் படாமலேயே முற்றுகின்றன. தோல் நோய்க்கான அடிப்படை மருத்துவம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தாக வேண்டும்.

இம்மாவட்டத்தின் தோல் நோய்களில் பல, தொழிலோடு ஒட்டி வருபவை. நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் ஈரத்தில் நிற்கும் பெண்களின் கால்விரல் இடுக்கில் தோன்றும் சேற்றுப்புண் அவற்றுள் ஒன்று. முந்திரி செய்யும் கேடு அதனினும் பெரிது. முந்திரிக்கொட்டை ஓட்டின் இரு அடுக்குகளுக்கு இடையே தேனடை போன்ற பகுதியில் தங்கியிருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகிய பொருள்கள் உள்ளன. அவை பட்ட இடத்தில் தோல் கொப்பளித்து, கருத்து, உரிந்துபோகும். கொட்டையை வறுத்தாலும் ஆவியில் வேகவைத்தாலும் இந்த எண்ணெய் முற்றிலும் நீங்குவதில்லை. ஆதலால் கொட்டை உடைக்கும் பெண்கள் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கையுறை அணிந்தால் வேகம் குறையும், எடைக்குக் கூலி என்ற முறையில் வேகம் குறைந்தால் வருமானமும் குறையும் என்றிருக்கையில், கையுறை கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கடமையை முடித்துக்கொள்வது கண்துடைப்பே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேதிப்பொருள் படுவதால் வரும் தோலழற்சியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உடைப்பவரின் பெயர் எந்தத் தொழிற்சாலையின் பதிவேட்டிலும் இராது. பருப்பை முழுதென்றும் உடைந்ததென்றும் நிறம் பார்த்தும் தரம் பிரிக்கும் வணிகம், உடைத்த கையைப் பார்ப்பதில்லை.

மருத்துவர் தொலைவில் இருக்கும்போது மருந்துக்கடை மருத்துவராகிவிடுகிறது. படர்தாமரை என்பது பூஞ்சையால் வரும் தொற்று. அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் இயக்குநீர் வகை மருந்து, சேர்ந்திருக்கிறது. அது அரிப்பை ஓரிரு நாளில் தணிப்பதால் நோய் போய்விட்டதென்று தோன்றும்; உண்மையில் தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சை விரிந்து பரவுகிறது, நாளடைவில் தோலும் மெலிந்து வரிவரியாகப் பிளக்கிறது. மைய அரசு 2018-இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்ட பின்னரும் இப்பழக்கம் ஒழியவில்லை. சீட்டு எழுதித் தர அருகில் ஆள் இல்லாத ஊரில் சீட்டின்றி விற்காதே என்னும் ஆணைக்கு எவ்வளவு வலு இருக்க முடியும்?

தொழுநோய் நேர்மாறானது, அது அரிப்பதில்லை. உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலாகத் தொடங்கும் அந்நோயை நோயாளியே பொருட்படுத்துவதில்லை. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக இந்தியா 2005-இல் அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருளன்றி, நோய் அறவே இல்லை என்பதன்று. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொள்ளும் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தேமலைத் தொட்டுப் பார்த்து ஐயுறத் தெரிந்த ஆள்தான் ஊர்தோறும் தேவை.

நிபுணர் போதாமை இங்கு மட்டும் உள்ள குறையன்று. ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் மோஷி நகரில் 1992-இல் தொடங்கிய வட்டாரத் தோல் மருத்துவப் பயிற்சி மையம், மருத்துவப் பட்டம் பெறாத நலப்பணியாளர்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளித்துப் பல நாடுகளின் கிராமங்களுக்கு அனுப்பிவருகிறது. மாலி நாட்டில் ஆரம்ப நிலைப் பணியாளர்களுக்குக் கொடுத்த குறுகிய பயிற்சியே சரியான சிகிச்சையைப் பெருக்கி மருந்துச் செலவைக் குறைத்தது. தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்கும் தீர்மானத்தை 2025 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை நிறைவேற்றியபோது, அதற்காக முன்னின்றவற்றுள் ஆப்பிரிக்க நாடுகள் இருந்தன.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் எல்லாத் தோல் நோய்களையும் அங்கே தீர்க்க வேண்டியதில்லை. சிரங்கு, படர்தாமரை, சேற்றுப்புண், தொழில்வழித் தோலழற்சி, தொழுநோய் ஐயம் ஆகிய ஐந்தை அடையாளம் காணத் தெரிந்தாலே பெரும்பாலோரின் அலைச்சல் குறையும். 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பையும் ஸ்டீராய்டு கலவாத பூஞ்சை மருந்துகளையும் தட்டின்றி வழங்க வேண்டும். சிரங்கு வீட்டில் ஒருவருக்கு வந்தாலும் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டியது என்பதால், குடும்பம் முழுவதற்கும் போதுமான அளவே அளவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிச் செல்லும் மகளிர் தன்னார்வலர்கள் கையையும் காலையும் பார்க்கவும் பயிற்றுவிக்கப்பட வேண்டும். அடுத்த முந்திரிப் பருவம் தொடங்குவதற்குள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி ஒன்றியங்களிலேனும் மாவட்ட நிர்வாகம் இதைச் செயல்படுத்த வேண்டும்.