தலைவிதியும் சர்க்கரை வியாதியும்

பெரியம்மை வந்தபோது "மாரியாத்தாள் கோபம்" என்று சொல்லிக் கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள், தீ மிதித்தார்கள். பிறகு அம்மை குத்தினார்கள். 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆத்தாளின் கோபம் எங்கே போயிற்று என்பதற்கு இன்றுவரை எந்தப் பூசாரியும் பதில் சொல்லக் காணோம்.

நிற்க, இன்று அந்த இடத்தில் சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி இந்நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர் சுமார் 10 கோடிப் பேர்; தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேர். 2020இல் இம்மாகாணத்தில் எடுத்த கணக்கோ அதைவிட வெட்கக்கேடு. ரத்தக் கொதிப்புள்ளவர்களில் 100க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்ததாம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ ஒரு தொழிலாளியைக் கேட்டால், "எங்கப்பாவுக்கு இருந்தது, எனக்கும் எழுதியிருக்கு" என்பான். தகப்பன் வழி வருவது மெய்தான். அதனாலேயே மற்றவனைவிட இவன் முந்தி ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ராத்திரி ஷிப்டு, கெட்ட தூக்கம், மூன்று வேளையும் தீட்டிய அரிசி, நடுநடுவே சர்க்கரை போட்ட டீ, கையில் பீடி, இவ்வளவையும் எழுதினவன் யார்? பிரம்மா எழுதியது எவ்வளவு, முதலாளி எழுதியது எவ்வளவு என்று கேட்கிறோம். விதி என்று சொல்லிவிட்டால் முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம்!

வீட்டுப் பெண்கள் கதி இன்னும் மோசம். எல்லோரும் தின்ற பிறகு மிச்சச் சோறு. வெள்ளி செவ்வாய் விரதம். அன்றைக்கு டாக்டரைக் கேளாமலே மாத்திரைக்கும் விரதம். மனைவியின் சர்க்கரை அளவு தெரிந்த புருஷன்மார் எத்தனை பேர்?

கோயிலுக்குப் போகிறவர்களை மட்டும் வைதுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருகிற நம் தோழர்களிலேயே சிலர், "இங்கிலீஷ் மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்" என்று சொல்லி, கைப்பேசியில் எவனோ விற்கும் சூரணத்தை வாங்கித் தின்கிறார்கள். அடக்காமல் விட்ட சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமே கிட்னியைத் தின்கின்றன. சர்க்கரையை அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே குற்றம் என்கிறது. தாயத்துக்காரனை விரட்டிவிட்டுச் சூரணக்காரனை நடுவீட்டில் உட்கார வைப்பது என்ன பகுத்தறிவு?

2021 ஆகஸ்டு 5இல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கி, வீட்டு வாசலுக்கே வந்து சோதித்து மாத்திரை கொடுக்க ஏற்பாடாயிற்று. வந்த பெண்ணிடம் "எனக்கு ஒன்றும் வலியில்லை, போம்மா" என்று கதவைச் சாத்தினவர்களை நாம் அறிவோம். வலிக்கிறபோது கண்ணோ காலோ போயிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் தோழர்கள், தாமும் தம் வீட்டுப் பெண்களும் கடைசியாக ரத்தம் பார்த்த தேதியைச் சொல்ல வேண்டுகிறோம். தலைமை வகிப்பவர் முதலில் சொல்லட்டும்.