மீன் தொட்டியும் மின்சாரமும்

கீரிமலைக் கேணிக்கு நீராடச் செல்வோர் நன்னீரையும் கடல்நீரையும் அருகருகே காண்பர். அவ்வூர் வீட்டுக் கூடமொன்றில் வண்ண மீன் தொட்டி வைத்தால், அங்கே நீரும் மின்சாரமும் அவ்வாறே அயலாராகின்றன. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு!

காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் வேண்டும். 2022 இல் மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. பம்பு கீழே இருந்து நின்றுவிட்டால், தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பினுள் புகக்கூடும். மின்சாரம் மீண்டதும் அந்த நனைந்த பம்பைச் சிறுவர் தொட்டால்? (ஒருவழி வால்வு ஒன்று குழாயில் இருப்பது நன்று; விலை சொற்பமே.) வயரையும் பிளக்குக்குக் கீழே தாழத் தொங்கவிட்டு மேலேற்றுக, வழிந்து வரும் நீர் அத்தாழ்விலேயே சொட்டிவிடும்.

கடற்காற்று பிளக்கின் பித்தளைக் கால்களைக் களிம்பேற்றுவது அவ்வூரார் அறிந்ததே. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உங்கள் வீட்டில் உண்டா? உண்டெனில் அதன் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள்.

அஃது இருப்பினும், தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுவதே நமது வழக்கம். மீன்கள் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும்.